லேசான வேலை: பேராக்கில் பால்மரம் சீவியவர்கள்

பிரிட்டிஷ் இந்திய அரசு 1922-இல் இயற்றிய குடிபெயர்வுச் சட்டம், கடல் கடந்து கூலிக்குச் செல்வோரின் வேலைகளைத் தேர்ச்சி உடையவை, தேர்ச்சி வேண்டாதவை என்று இரண்டு கூடைகளாகப் பிரித்தது. கைவினைஞர், எழுத்தர், கடைச் சிப்பந்தி, கேளிக்கைக் காட்சிகளில் பங்கேற்பவர், உணவகத்திலோ தேநீர்க் கடையிலோ பணிபுரிபவர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் முதல் கூடையில் விழுந்தனர். விவசாயம் சார்ந்த வேலை எதுவாயினும் அது இரண்டாவது கூடைக்குப் போனது. இதன்படி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, மலாயாவின் பேராக் மாநிலத்து ஈப்போவில் ஒரு கடையில் தேநீர் பரிமாறப் போனவர் தேர்ச்சி பெற்ற தொழிலாளி. அதே கப்பலில் வந்து, அங்கிருந்து வடக்கே சுங்கை சிப்புட்டில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவப் போனவர் தேர்ச்சி ஏதும் தேவைப்படாத கூலி.

சட்டம் எழுதியவர்கள் இந்தப் பாகுபாட்டைத் தாங்களாகக் கண்டுபிடித்துவிடவில்லை. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்ட முதலாளிகள் அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்ததையே அவர்கள் சட்ட மொழியில் பதிவு செய்தனர். தமிழ்க் கூலியின் வேலை லேசானது, யோசனை தேவைப்படாதது, பெண்களும் சிறுவர்களும்கூடச் செய்துவிடக்கூடியது என்பதே அந்தக் கருத்து. இலங்கைத் தேயிலைக் கொழுந்துக்கும் பேராக்கின் கிரியான் வட்டாரத்துக் கரும்புக்கும் சொல்லப்பட்டது, கரும்பு போய் ரப்பர் வந்த பிறகு பேராக்கில் பால்வெட்டுக்கும் அப்படியே சொல்லப்பட்டது. ஆனால் பால்வெட்டின் வரலாறு இந்தக் கருத்தோடு ஒத்துப்போவதில்லை.

மலாயாவின் ரப்பர் வரலாற்றில் பேராக்குக்கு மூத்த இடம் உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் அமேசான் பகுதியிலிருந்து கொண்டுசென்ற சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் ஊன்றப்பட்டு, முளைத்தவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அப்போது பேராக்கின் ரெசிடென்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசகர் என்ற பெயரில் ஆட்சியை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி, ஹியூ லோ, அவற்றைத் தம் இல்லத்துத் தோட்டத்தில் நட்டு வளர்த்தார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த மரம் ஒன்று இன்றும் கோலகங்சாரில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மரங்கள் செழித்தன, விதைகள் பரவின. ஆயினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவற்றால் யாருக்கும் வருமானம் இல்லை. காப்பி விலை நன்றாக இருந்தவரை தோட்டக்காரர்கள் வேறு பயிரைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், மரத்தைக் கெடுக்காமல் அதன் பாலை எடுப்பது எப்படி என்று ஒருவருக்கும் தெரியாததே.

பிரேசில் காடுகளில் பால் எடுத்தவர்கள் சிறு கைக்கோடரியால் தண்டைக் கொத்தினார்கள். அந்த வெட்டு பட்டையைத் தாண்டிக் கட்டைக்குள் இறங்கியது. காயம் ஆறிய இடம் முடிச்சும் மேடுமாகி, அங்கே மறுபடி வெட்ட இயலாமல் போனது. கணக்கற்ற மரங்கள் நிற்கும் காட்டில் அதனால் குடி முழுகிவிடாது. காசு கொட்டி, களையெடுத்து, ஆறேழு ஆண்டு காத்திருந்து வளர்த்த தோட்டத்திலோ அது தற்கொலைக்குச் சமம். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி நிக்கலஸ் ரிட்லி ஆண்டுக்கணக்கில் சோதனை செய்து இதற்கு விடை கண்டார். பட்டையைக் கொத்துவதற்குப் பதிலாக மெல்லிய சீவலாகச் செதுக்கி எடுத்து, அதே வெட்டின் கீழ் விளிம்பை அடுத்த முறை இன்னும் ஓர் இழை சீவினால் காயம் மீண்டும் திறந்து பால் வடியும். அதுவும் முதல் நாளைவிடக் கூடுதலாக வடியும். 1890-களின் நடுவில் இந்த முறை உறுதிப்பட்டது. நடுவில் ஒரு செங்குத்துக் கோடும் இருபுறமும் சாய்வான வெட்டுகளுமாக, மீன் முள்ளைப் போல் தண்டில் வரையப்பட்ட அந்தப் பழைய அமைப்பு பின்னாளில் ஒற்றைச் சாய்வெட்டாகச் சுருங்கியது. சட்டைப்பையில் ரப்பர் விதையோடு அலைந்து, காண்போரிடமெல்லாம் நடச் சொல்லி வற்புறுத்திய ரிட்லிக்குத் தோட்டக்காரர்கள் ‘பித்தர்’ என்று பட்டம் கட்டியிருந்தனர். காப்பி விலை சரிந்ததும் அவர்களே அவரிடம் விதை கேட்டு நின்றனர்.

தேர்ந்த தாவரவியலாளர் ஒருவர் பல ஆண்டுகள் செலவிட்டுக் கண்டறிந்த செய்கையைத்தான், அடுத்த பத்தாண்டில் தோட்டத்துப் பதிவேடுகள் தேர்ச்சி வேண்டாத வேலை என்று குறித்தன.

அந்தச் செய்கை எத்தகையது என்பதைச் சற்று அருகிலிருந்து காண வேண்டும். ரப்பர் மரத்தின் பால் கட்டையில் ஊறுவதில்லை. பட்டையின் உட்பகுதியில் உள்ள நுண்ணிய பால் குழாய்களில் நிறைந்திருக்கிறது. இக்குழாய்கள் நேர் மேலாகச் செல்லாமல், தண்டைச் சுற்றி வலப்புறமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. ஆகவே அதிகக் குழாய்களை அறுக்க வேண்டுமானால் வெட்டு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும், ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் அமைய வேண்டும். குழாய்கள் மிகுதியாக இருப்பது பட்டையின் கடைசி அடுக்கில். அதற்கும் உள்ளே, காகிதம் போன்ற மெல்லிய வளர்படலம் கட்டையைப் போர்த்தியிருக்கிறது. புதிய பட்டையைத் தோற்றுவிப்பது அந்தப் படலம்தான். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் குறையும். ஆழமாகப் போனால் படலம் கிழிந்து மரம் காயப்படும். இரண்டுக்கும் இடையே விடப்படுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதே சமயம், வெட்டின் நீளவாக்கில் சீவி எடுக்கும் பட்டையின் தடிமனும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டலாகாது; தாண்டினால் இருபது ஆண்டுக்கும் மேல் வர வேண்டிய பட்டை பாதிக் காலத்தில் தீர்ந்துபோகும்.

மரத்துக்கு மரம் பட்டையின் கனம் வேறுபடும். ஒரே மரத்தில்கூட அடியில் கனமாகவும் மேலே மெல்லியதாகவும் இருக்கும். அளவுகோல் வைத்துப் பார்க்க நேரமில்லை. கத்தி பட்டைக்குள் இழுபடும் சத்தமும் கைக்குத் தட்டுப்படும் இளக்கமுமே ஆழத்தைச் சொல்லின. ஒரு தொழிலாளிக்கு ஒதுக்கப்பட்ட மரங்களின் வரிசைக்கு நிரை என்று பெயர். ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்கள் இருந்தன. குளிர்ந்த விடியற்காலையில் மரத்தின் உள் அழுத்தம் மிகுந்திருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் வடிவது நின்றுவிடும் என்பதால், அத்தனை மரங்களையும் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் சீவி முடிக்க வேண்டும். ஒரு மரத்துக்குக் கிடைப்பது, முந்திய நாள் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுத்து, மங்கு எனப்படும் கோப்பையைத் துடைத்துக் கவிழாமல் வைத்து, சீவி, அடுத்த மரத்துக்கு நடக்கும் நேரத்தையும் சேர்த்து, அரை நிமிடம்தான். பிறகு வாளிகளைக் காண்டாக் கம்பில், அதாவது தோளில் குறுக்காக வைக்கும் கழியின் இரு முனைகளிலும் தொங்கவிட்டு, மேடு பள்ளங்களில் பால் தளும்பாமல் நிறுவைக்குச் சுமந்து செல்ல வேண்டும். அட்டை, கொசு, வழுக்கும் சரிவு இவையெல்லாம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

தோட்ட நிர்வாகம் இந்த நுட்பத்தை அறியாமல் இருந்ததா என்றால், இல்லை. விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் அணிவகுப்பு, முடிந்து தொழிலாளர்கள் நிரைக்குப் போன பின், மேற்பார்வையாளர்களான கங்காணியும் மண்டோரும், சில நாட்களில் உதவி மேலாளரான சின்ன துரையும், மரம் மரமாகப் பார்த்து வந்தனர். மாதத்துக்கு இவ்வளவு பட்டைதான் இறங்க வேண்டும் என்று தண்டில் அடையாளம் இடப்பட்டது. காயம் பட்ட மரம் தனியே குறிக்கப்பட்டது. சீவியவர் ஏச்சு வாங்கினார், கூலி பிடிக்கப்பட்டதும் உண்டு. கை தேர்ந்தவர்களை நல்ல மரங்களுள்ள நிரைக்கும், புதியவர்களை வெட்டித் தள்ளவிருக்கும் கிழ மரங்களுக்கும் அனுப்பும் வழக்கமும் இருந்தது. ஆக, பட்டையைச் சோதிக்கும்போது பால்வெட்டு கூர்ந்த தேர்ச்சி வேண்டும் தொழில். செக்ரோலில், அதாவது வருகையும் கூலியும் பதியும் பேரேட்டில், அதுவே யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை. ஒரே அலுவலகத்தின் ஒரே மேசையில் இவ்விரு ஏடுகளும் அருகருகே கிடந்தன என்பதைக் கவனித்தால், இது அறியாமையால் வந்த பிழை அல்ல என்பது விளங்கும்.

கூலி நிர்ணயம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளிக்கான தரக் கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது 1930-இல் அது 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. இந்தக் கணக்கில் வயிற்றுக்கு எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி இருந்தது. கைக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்வி இல்லை. களை பிடுங்குபவருக்கும் பால் வெட்டுபவருக்கும் அடிப்படை அளவுகோல் ஒன்றே. பெண் சீவிய மரம் ஐந்தில் ஒரு பங்கு பால் குறைவாகக் கொடுத்ததாக எந்தத் தோட்டமும் சொல்லவில்லை. எனினும் கூலி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அதே வட்டாரத்தில் குத்தகை முறையில் எடைக்குக் கூலி பெற்ற சீனத் தொழிலாளர்கள், அதே மரத்தை அதே கத்தியால் சீவி, தமிழரைவிடக் கூடுதலாக ஈட்டினர். தொழில் ஒன்று, விலை இரண்டு என்றால், விலையைத் தீர்மானித்தது தொழிலின் கடினம் அல்ல. பேரம் பேசும் வலிமையே. ஈயச் சுரங்கங்கள் நிறைந்த கிந்தாப் பள்ளத்தாக்கில் சீனத் தொழிலாளிக்கு வேறு வேலை எப்போதும் இருந்தது. கங்காணி கூட்டிவந்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், குடியமர்த்திய தமிழருக்கு அந்த வசதி இல்லை.

துரைமார்களின் மொழியும் இதற்குத் துணை நின்றது. 1919-இல் தொடங்கப்பட்ட மலாயாத் தோட்ட அதிகாரிகள் சங்கம், இளம் உதவி மேலாளர்களுக்குத் தமிழ்த் தேர்வு நடத்தியது. இலங்கையில் ‘கூலித் தமிழ்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவர்களுக்கென்றே கையேடு வெளிவந்தது. அத்தகைய பயிற்சி பெரும்பாலும் ஏவல் தமிழாகவே இருந்தது: வா, போ, வெட்டு, தூக்கு. ஒரு தொழிலாளி தன் செய்கையை விளக்க வேண்டிய தேவையோ, அதை அதிகாரி கேட்டறிய வேண்டிய தேவையோ அந்தத் தமிழில் இல்லை.

ஆங்கிலம் பேசுவோர் ஒரு காரியம் சுலபம் என்று சொல்லக் கையாளும் தொடர்கள் பலவும் தின்பண்டத்தையும் விளையாட்டையும் ஒட்டியவை. ஒரு துண்டு கேக் என்பார்கள், குழந்தை விளையாட்டு என்பார்கள், கேக்வாக் என்பார்கள். இவற்றுள் ‘கேக்வாக்’ என்ற சொல்லின் பிறப்பிடம் இங்கே கருதத்தக்கது. அது பிறந்த இடமே ஒரு தோட்டம். அமெரிக்காவின் தென் மாநிலத் தோட்டங்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கருப்பின மக்கள், எஜமானர்களின் ஒய்யார நடனத்தைக் கேலியாக நடித்துக் காட்டும் ஜோடி நடை ஒன்றை ஆடினர். சிறப்பாக ஆடிய ஜோடிக்குப் பரிசு கேக். தங்களையே பகடி செய்கிறார்கள் என்பதை உணராமல் எஜமானர்களும் பார்த்து ரசித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது மேடை நடனமாகிப் பெரும் புகழ் பெற்றது. பொது வழக்கிலோ அச்சொல் சிரமமில்லாமல் கிட்டும் வெற்றியைக் குறிக்கலாயிற்று. முதுகை வளைத்து, காலைத் தூக்கி, நிமிர்வு குலையாமல் ஆட வேண்டிய கடினமான நடை அது. அதை எளிது என்று பெயரிட்டவர்கள் ஆடியவர்கள் அல்லர், நாற்காலியில் அமர்ந்து பார்த்தவர்கள். பேராக்கின் நிரைகளிலும் நடந்தது இதுவே. கை வேகமாகவும் சத்தமில்லாமலும் ஓடுவதைக் கண்டவர்கள், அதில் சிந்தனை இல்லை என்று முடிவு கட்டினர்.

சிந்தனை இல்லாததுபோல் தோன்றியதற்கு மற்றொரு காரணம், அந்தக் கல்வி கண்ணில் படும் இடத்தில் நடக்கவில்லை. தாயோடு நிரைக்குப் போன பிள்ளை முதலில் மங்கு துடைத்தது, பிறகு ஒட்டுப்பால் பொறுக்கியது, பிறகு தாய் சீவிய வெட்டின் சாய்வைப் பார்த்துப் பார்த்துக் கத்தி பிடித்தது. வகுப்பு இல்லை, சான்றிதழ் இல்லை, ஆகவே தேர்ச்சியும் இல்லை என்பது நிர்வாகத்தின் தருக்கம். கைவந்த கலை என்று தமிழில் சொல்லும்போது, அந்தக் கலை கைக்கு வந்து சேர்ந்த காலமும் உழைப்பும் அதற்குள் அடங்கியிருக்கிறது. செக்ரோலில் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை.

இந்திய அரசு அனுப்ப 1936-இன் இறுதியில் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, குறைக்கப்பட்ட கூலியை முன்போல் உயர்த்தவும், கங்காணி வழி ஆள் சேர்ப்பதை நிறுத்தவும் பரிந்துரைத்தார். கூலி உயர்ந்தது, ரப்பர் விலை சரிந்ததும் முதலாளிகள் அதில் மீண்டும் கைவைத்தனர். அதன் எதிர்வினையாக இந்திய அரசு 1938 ஜூன் 15 முதல், உதவி பெற்று மலாயாவுக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. அந்தத் தடையும் 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாகுபாட்டின் மேலேயே எழுப்பப்பட்டது: தடுக்கப்பட்டது தேர்ச்சி வேண்டாத வேலைக்கான பயணம். அரை நூற்றாண்டுக்கு மலாயாவுக்குத் திறந்த கதவாக இருந்த அதே முத்திரை இப்போது பூட்டாகியது. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பால்வெட்டு தேர்ச்சியுள்ள தொழிலா என்று இரு தரப்பும் கேட்கவே இல்லை.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டு, தீவிரத் தொழிற்சங்கங்கள் அடக்கப்பட்டன. பின் 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணன் தலைமையில், ரப்பர் விலையோடு பால்வெட்டுக் கூலியை இணைக்கும் ஒப்பந்தங்களைப் பெற்றது. பால்வெட்டு அப்போதுதான் தனி வேலையாக, தனி அட்டவணையோடு தாளில் இடம்பெற்றது. எனினும் அட்டவணை லண்டன், சிங்கப்பூர்ச் சந்தைகளைப் பார்த்து ஏறி இறங்கியதே தவிர, கையின் திறத்தைப் பார்த்து அல்ல. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் குறைந்தது.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றனர். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தனர். சுங்கை சிப்புட்டில் பிறந்தவரும் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவருமான வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் தவணையில் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். தேர்ச்சியற்றவர்கள் என்று பதியப்பட்டவர்களின் பணத்தில் வாங்கிய தோட்டங்கள் இலாபத்தில் நடந்தன. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயமானபோது, இரண்டு தலைமுறையாக மரம் சீவியவர்களில் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர்.

இதற்கிடையே 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சி நிலையம் வீரிய ஒட்டு ரகங்களை உருவாக்கியதோடு, சீவும் முறையையும் ஆராய்ந்து, சிறுதோட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்தது. 1973-இல் ரப்பர்ச் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டுக்கென்று ‘ரிஸ்டா’ அமைக்கப்பட்ட பின் அத்தகைய பயிற்சிகள் மேலும் பரவின. வெட்டின் சாய்வு, ஆழம், பட்டைச் செலவு ஆகியவை பாடமாயின. மோசமாகச் சீவப்பட்ட மரங்களால் நாட்டுக்கு ஏற்படும் இழப்பு கணக்கிடப்பட்டது. தாய் மகளுக்கு நிரையில் சொல்லித் தந்தபோது வேலை என்று மட்டும் இருந்தது, அரசு சொல்லித் தந்தபோது திறன் ஆனது.

ஆனால் அந்த மாற்றம் வந்தபோது பேராக்கின் பெருந்தோட்டங்கள் ரப்பரை விட்டு விலகிக்கொண்டிருந்தன. 1970-கள் முதல் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. ஈப்போவை ஒட்டியிருந்த நிலங்களில் குடியிருப்புகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும், அதிலும் பெரும்பகுதி வெளிநாட்டுத் தொழிலாளரால் நிரப்பப்பட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் புந்தோங் போன்ற ஈப்போவின் தமிழ்க் குடியிருப்புகளிலும் சுங்கை சிப்புட், பத்து காஜா நகர ஓரங்களிலும் குடியேறினர். தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பித்தபோது, முன் அனுபவம் என்ற இடத்தில் அவர்கள் எழுதத் தகுந்ததாகக் கருதப்பட்டது ஏதும் இல்லை. அவர்களின் முன்னோரைத் தேர்ச்சி வேண்டாதவர்களாகக் கப்பலேற்றிய 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 1983-இல்தான் நீக்கிப் புதிய சட்டம் இயற்றியது.